குட்டித் தேவதையைக் கள்ளியாக்கினேன்

பத்து வருடங்களுக்கு முன்பு, பதினோராம் வகுப்பில் நான் எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்திருந்த கிழமை. தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இது நடந்தது.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான்தான். ஆங்கிலத்தில் 'ஏ' எடுத்திருந்தேன். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற அம்மா, அதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். நானும் கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

அன்று நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள். இரண்டு தேவதைகளின் நட்பைப் பற்றிய படம். ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம். நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ இங்கிலீசு படிச்சனீ எல்லே? உதுகளுக்குக் கதையைச் சொல்லிவிடு."

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அம்மாவும் தோட்டத்தால் நேரே வந்து பின்வரிசையில் இருந்துவிட்டார்.

பத்து நிமிடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. சோதனைத் தாளில் இருந்த ஆங்கிலம் வேறு, அந்தத் தேவதைகள் கதைத்த ஆங்கிலம் வேறு. ஒரு வசனம் பிடிபடுவதற்குள் அடுத்த மூன்று ஓடிப்போயின. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சொந்தமாகக் கதை கட்டத் தொடங்கினேன்.

புயலில் பறந்த பெரிய தேவதையின் செட்டை ஒடிந்தது. அவள் ஏதோ கடுமையாகச் சொன்னாள். குட்டித் தேவதை அழுதுகொண்டு போய், அரசியின் தோட்டத்தில் பதுங்கி, மின்னுகிற பூ ஒன்றைப் பிடுங்கினாள். "பாருங்கோ, இவளுக்குப் பொறாமை. தான் அரசியா வாறதுக்குக் களவெடுக்கிறாள்," என்றேன்.

பிள்ளைகள் எல்லாரும் "கள்ளி! கள்ளி!" என்று கத்தினார்கள். முன்னால் பாயில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் எழும்பி நின்றாள்.

"இல்லையக்கா, அவள் கள்ளி இல்லை. செட்டை ஒடிஞ்சவளைப் பாத்துப் பாத்தெல்லோ அழுதவள். அவளுக்கு மருந்து எடுக்கிறாள்."

"உனக்கு இங்கிலீசு தெரியுமோ? இரு பேசாமல்!" என்று அதட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உதடு பிதுங்க இருந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குட்டித் தேவதை அந்தப் பூவைக் கொண்டுபோய்த் தோழியின் ஒடிந்த செட்டையில் வைத்தாள். செட்டை பொருந்தியது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதற்கும் ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அந்தச் சிறுமி கன்னத்தைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன். "அவையள் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை. தங்கச்சி சொன்னதுதான் சரி."

பின்வரிசையில் அயல்வீட்டுப் பெண் ஒருவர் அம்மாவிடம் சத்தமாகவே கேட்டார்: "என்னடி, உன்ரை மோளுக்கு இங்கிலீசு வராதாமே?"

"தெரியாததைத் தெரியாதெண்டு சொல்ல வருதெல்லே, அது எனக்குக் காணும்," என்றார் அம்மா. குரலில் பெருமை ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

"அப்ப முதல்லயிருந்து போடுங்கோ. நான் சொல்லுறன்," என்று அந்தச் சிறுமி என் கதிரையில் ஏறி இருந்துகொண்டாள். நான் இறங்கிப் பாயில் இருந்தேன். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாமல், முகங்களை மட்டும் பார்த்து, அவள் முழுக் கதையையும் சொன்னாள்.

இப்போது நான் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்தப் படத்தைப் பிறகு ஒருமுறை தனியே இருந்து பார்த்தேன். ஒவ்வொரு வசனமும் விளங்கியது. ஆனாலும் அன்று அவள் பார்த்த அளவுக்கு நான் அதை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.