காவேரிக்கு அந்தண்டை

ஸ்ரீரங்கத்துக் கம்ப்யூட்டர் ஆபீஸில் ஆள் எடுக்கும் மேனேஜர் அவர். நெற்றியில் பளிச்சென்று திருமண். வேலை கேட்டு வருபவர் தெருப்பெயரைச் சொன்னால் போதும், கண்ணை மூடி மனசுக்குள் அந்த வீட்டைத் தேடுவார். நான் "திருச்சி பாலக்கரை" என்றேன். மூடிய கண் திறக்கவே இல்லை.

"எல்லாத் தரப்பு ஆளுங்களும் வேணும்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்களே, சார்?"

"எடுத்தாச்சேம்மா! கிழக்குச் சித்திரை வீதி, மேற்கு, வடக்கு, தெற்கு. நாலு திசையிலேர்ந்தும் ஆள் இருக்கா."

நாலு வீதியும் ஒரே கோயிலைச் சுற்றித்தான்.

"காவேரிக்கு அந்தப் பக்கம், சார்?"

திடுக்கிட்டார். "அவ்வளவு தூரம் தினம் வருவேளா?"

என் முக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டவுன் பஸ்தான் அவர் கவலை.

வேலை கொடுத்துவிட்டார். இன்றும் சாயங்காலம் நான் கிளம்பினால், "ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கோ" என்கிறார். பண்ணாவிட்டால் அவரே பண்ணிவிடுகிறார்.