கம்பிக்குள் அகப்பட்ட செங்கோல்

டன்ஸ்லோ நகர மன்றத்துக்குக் கால் கல்லால், உடல் ஓக் மரத்தால், முடி ஈயத்தால். கீழே கல் வளைவுகளின் நிழலில் முட்டையும் வெண்ணெயும் விலைபோகும். மேலே கரிய உத்தரங்களின் அடியில் நகரசபை கூடிச் சண்டையிடும். மாடியை எழுப்பிய தச்சர்கள் படிக்கட்டை மறந்துபோனதால், அது பிற்காலத்தில் வெளிச்சுவரில் ஒட்டவைக்கப்பட்டு இன்றளவும் மழையில் நனைகிறது. இவை அனைத்துக்கும் மூத்தது கீழே வளைவுகளின் மூலையில் உள்ள சிறையறை. பாலில் நீரைக் கலந்தவனையும் பியரில் தன்னைக் கரைத்தவனையும் அடைத்துவைக்க ஊரார் முதலில் கட்டியது அதைத்தான்.

அம்மன்றத்தின் காவலர் ஹெட்லி க்ரம்ப். மணிக்கூண்டுக்குச் சாவி கொடுப்பார். உத்தரத்துப் புறாக்களை விரட்டுவார். கூரை ஒழுகும் இடமறிந்து வாளி வைப்பார். ஆலயத்துக்கு அடியவர் எப்படியோ, அப்படி அவர் அதற்கு. ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "மழை பேஞ்சா நான் ஓடி வந்து இங்க படுத்துக்குவேன். இங்கிலாந்துல எந்தப் பொண்ணு அதுக்குச் சம்மதிப்பா?" என்பார்.

சனிக்கிழமைதோறும் வெளியூரார் வந்து கூடுகையில், ஹெட்லி சிறையறைக்குள் புகுந்து பழங்காலக் கைதியாக மாறுவார். கம்பியைப் பற்றிக்கொண்டு அவர் கதறும் கதறலில் கல்லும் கரையும். தொப்பியில் விழும் சில்லறை கூரைச் செப்பனீட்டுக்குப் போகும்.

அந்த ஆண்டு புதிய மேயரின் பதவியேற்பும் ஒரு சனிக்கிழமையில் அமைந்தது. ஊரின் சாசனம் கண்டிப்பானது: புதியவர் மன்றத்துக்குள் வெள்ளிச் செங்கோலின்மேல் கைவைத்து, நண்பகல் மணி ஓய்வதற்குள் உறுதிமொழி கூறவேண்டும், தவறினால் பழைய மேயரே மேலும் ஓராண்டு ஆள்வார். பழைய மேயர் பின்னாக், சந்தையில் சீட்டியடிப்பதைத் தடைசெய்தவர். அவர் இறங்கும் நாளை ஊரே எண்ணிக்கொண்டிருந்தது.

செங்கோலைக் கண்ட கைகளெல்லாம் தொட்டுப் பார்க்கும் என்று அஞ்சிய ஹெட்லி, அதைச் சிறையறைக்குள் கொண்டுபோய் அமைதியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று கதவை அறைந்தது. அறைந்தால் தானே பூட்டிக்கொள்ளும் பழம்பூட்டு அது. திறவுகோலோ வெளிப்புறத்தில், பூட்டிலேயே கைக்கு எட்டாமல் தொங்கியது. செங்கோலின் தலை பூசணிக்காய் அளவு. கம்பிகளுக்கு இடையே நுழையாது.

"எல்சி! எல்சிம்மா! கதவு சாத்திக்கிச்சு! வந்து தெறந்து விடு!"

எதிரே முட்டை விற்ற எல்சி தலை நிமிரவில்லை. "இன்னிக்குக் குரல் நல்லாருக்கு ஹெட்லி. போன வாரத்தை விட உருக்கம்."

"இது வேஷம் இல்லடி, நெசம்!"

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

வெளியூரார் கைதட்டினர். ஒரு மாது மனமிரங்கிப் பாதி பன்னை நீட்டினாள். காலை முதல் எதுவும் உண்ணாத ஹெட்லி அதை வாங்கித் தின்றார். அதுவரை ஐயப்பட்டவர்களும் இது நாடகந்தான் என்று தெளிந்தனர். அவர் கண்களில் நீர் பெருகியது. கைதட்டலும் பெருகியது.

செங்கோலைத் தேடிக்கொண்டு புதிய மேயராகவேண்டியவரே இறங்கி வந்தார்: கசாப்புக்கடை மேபல் ஸ்பர்லிங்.

"ஏன்யா, மேல எல்லாரும் செங்கோலைக் காணோம்னு பதறுறாங்க. நீ இங்க கூத்தாடிக்கிட்டிருக்கே?"

"அது என் மடியிலதாங்க இருக்கு! சாவியைத் திருப்புங்க. மெதுவா, மெதுவா..."

எருதின் தொடையெலும்பை ஒரே வெட்டில் பிளக்கும் கைக்கு மெதுவென்பது பழக்கமில்லை. திறவுகோல் முறிந்தது.

"உன் சாவி ஒடஞ்சிருச்சு, ஹெட்லி."

"உங்க கையில ஒடஞ்சிருச்சுங்க."

சிவப்பு அங்கிகள் படபடக்க நகரசபை முழுவதும் கீழே இறங்கியது. பின்னாக் தம் கழுத்துப் பதவிச் சங்கிலியை அன்போடு வருடினார். "ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. என்ன பண்றது? இன்னும் ஒரு வருஷம் இந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன்."

மணி அடிக்கத் தொடங்கியது. தாம் பேணிய மன்றத்தில் தம்மாலேயே பின்னாக்கின் ஆட்சி நீள விட ஹெட்லிக்கு மனமில்லை. செங்கோலைத் தூக்கிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார்.

"மேபலம்மா, கையை உள்ள விடுங்க! சீக்கிரம்!"

மேபல் முழங்கைவரை நுழைத்து, வெள்ளியைப் பற்றி, மூச்சுவிடாமல் உறுதிமொழியைப் பொழிந்தார்.

"செல்லாது!" என்றார் பின்னாக். "மன்றத்துக்கு உள்ள நின்னு சொல்லணும். இந்தம்மா வெளியில சந்தையில நிக்குது."

எல்சி முட்டைக்கூடையை இறக்கிவைத்தாள். "உறுதிமொழி கைக்கா, காலுக்கா? கை உள்ளதானே இருக்கு? அப்போ சபதமும் உள்ளதான்."

ஆமென்று சந்தை ஆர்ப்பரித்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தனர். மணி ஓய்ந்தது. பின்னாக் சங்கிலியைக் கழற்றினார். மேபல் குனிய முடியாமல் நின்றதால், எட்டித்தான் அணிவித்தார். ஏனெனில், கை உள்ளே சென்ற வேகத்தில் வெளியே வரவில்லை.

"பூட்டுக்காரனுக்கு ஆளனுப்புங்க" என்பதே புதிய மேயரின் முதல் ஆணை.

"அது செலவு. மாடியில முறைப்படி கூட்டம் போட்டு ஓட்டெடுக்கணும்" என்றார் பின்னாக்.

"தலைவர் இருக்கிற எடத்துலதான் கூட்டம்" என்றார் மேபல். "நான் இப்போதைக்கு எங்கயும் போறதா இல்ல. பூட்டுக்காரனைக் கூப்பிடச் சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன, பின்னாக்கின் கை மட்டும் பையிலிருந்து எழவில்லை. கம்பிகளுக்குப் பின்னால் ஹெட்லியும் ஆவலோடு ஒரு கையை உயர்த்தினார்.

"நீ எறக்குய்யா" என்றாள் எல்சி. "கைதிக்கு ஏது ஓட்டு?"