உறைக்குள் போன முத்திரை

எங்கள் மகாவித்தியாலயத்தை அரசாங்கத்திடமிருந்து பிரித்துப் பெற்றோரே நடத்துவது என்று தீர்மானித்த கூட்டத்தில் ஒரேயொரு பெண் கையை உயர்த்தவில்லை. அது 2004, போர் நின்றிருந்த சமாதான காலம். மாங்குளத்துக்குக் கிழக்கே, கூரை போன கட்டடத்தில் தறப்பாள் கட்டி வகுப்புகள் நடந்தன. கணிதத்துக்கு வந்த மூன்று ஆசிரியர்களும் ஒருவர்பின் ஒருவராக வவுனியாவுக்கு மாற்றம் வாங்கிப் போயிருந்தார்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து எங்கள் கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அனுப்ப வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்கள் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை.

கையை உயர்த்தாத பெண் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர். மகள் ஒன்பதாம் வகுப்பில், கணிதத்தில் முதலாவது.

"அடையாள அட்டைக்கும் சோதனை எழுதுறதுக்கும் ஆர் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார்.

"ஏன், எங்கட அதிபருக்குக் கை இல்லையோ?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கை இருக்குது. சீல்?"

"ஒரு கிழமையில புதுசு வெட்டலாம் அக்கா. இருங்கோ."

நான் செயலாளர். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பத்து வருடம் பிரதி திருத்தியவன் என்பதால், பணிமனைக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான்கே வரி எழுதினேன். 'இன்று முதல் இப்பாடசாலை தங்கள் நிர்வாகத்தின் கீழ் இல்லை' என்பது கடைசி வரி. கூட்டத்தில் வாசித்தபோது கை தட்டினார்கள். பழைய முத்திரையையும் அதே உறைக்குள் வைத்து அனுப்பியது என் யோசனை. திருப்பித் தரும்படி யாரும் கேட்டிருக்கவில்லை; கூட்டத்தில் நானே சொன்னேன். கடிதத்துக்கு அது நல்ல முடிவாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் பள்ளிக்கூடம் நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. கூரை வந்தது. கணிதத்துக்கு ஒருவர் வந்து நிலைத்தார். அடுத்த ஊர்ப் பிள்ளைகளும் சைக்கிளில் வந்தார்கள்.

அந்த மகளுக்குப் பதினாறு ஆனது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தை அதிபர்தான் உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் அதிபர் கையெழுத்திட்டுப் புது முத்திரை குத்தினார். ஆறு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்படியொரு பாடசாலை பட்டியலில் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். எங்கள் கடிதத்துக்குப் பிறகு பெயரை வெட்டிவிட்டார்கள். அட்டை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ஓமந்தை இராணுவச் சாவடியைத் தாண்டவும் முடியாது.

தாய் கிராம அலுவலரிடம் போனார். "படிப்பை நிப்பாட்டிப்போட்டா எண்டு பள்ளிக்கூடத்தில ஒரு துண்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ, படிக்காத பிள்ளையெண்டால் நான் கையெழுத்து வைக்கலாம்" என்று அவர் சொன்னாராம்.

கணிதத்தில் கடைசியாக வந்த இரண்டு பேருக்கு அப்படித் துண்டு கொடுத்திருந்தேன். அவர்களுக்கு அட்டையும் வந்தது. முதலாவது பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டாள் என்று எங்கள் கடிதத் தலைப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது? துண்டு கேட்டு வந்த தாயிடம் சொன்னேன்:

"ரெண்டு மாசம் பொறுங்கோ அக்கா. பள்ளிக்கூடத்தைப் பதியச் சொல்லி எழுதியிருக்கிறம்."

"வருமோ?"

"வரும்."

இரண்டாவது மாதம் போர் மறுபடி தொடங்கி, வவுனியாவுக்குப் போகும் ஏ-9 வீதி மூடப்பட்டது. பதிவு வரவில்லை. மகள் பரீட்சை எழுதவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் வந்தாள். சின்ன வகுப்புகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். கிராம அலுவலர் வவுனியாவுக்குப் போய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். தாய் துண்டு கேட்டு மறுபடி வரவில்லை.

2008இல் இடம்பெயர்ந்தோம். பிள்ளைகளின் வரவைப் பதிந்த இடாப்புகளையும் புது முத்திரையையும் நான் எடுத்துக்கொண்டேன். இடாப்புகள் ஒரு பதுங்குகுழிக்குள் நனைந்து கூழாகிப்போயின. முத்திரை மிஞ்சியது.

அடுத்த வருடம், போரின் முடிவில், ஓமந்தைச் சாவடியில் வரிசை. அட்டை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம். நான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சற்றுப் பின்னால் நின்றேன்.

"என்ன செய்துகொண்டிருந்தனீர்?" இராணுவத்துக்கு மொழிபெயர்ப்பவர் மகளிடம் கேட்டார்.

"படிச்சனான்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னாள். மேசையிலிருந்தவர் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு அவளை, போராளிகள் என்று சந்தேகப்பட்டவர்களைக் கொண்டுபோகும் வேறொரு பஸ்ஸில் ஏற்றினார்கள். முத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. நான் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன்.

முகாமில் நான்காம் நாள் தாய் என் கூடாரத்தைத் தேடி வந்தார். கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"பிள்ளை பள்ளிக்கூடம் வந்தவள் எண்டு எழுதித் தாங்கோ தம்பி."

வருடங்கள், வகுப்புகள், பாடங்கள் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். முத்திரையை எடுத்தேன்.

"அது வேண்டாம். அதைப் பார்த்தால் திருப்பியும் பட்டியலைத்தான் தேடுவினம்." தாளைப் பார்த்தபடி கேட்டார்: "பழசு இல்லைத்தானே?"

"அனுப்பிப்போட்டன்."

"ஓம். கூட்டத்தில சொன்னனீங்கள்." விரலால் தாளின் அடியைக் காட்டினார். "அப்ப இன்னும் ஒரு வரி போடுங்கோ. இது முந்தி அரசாங்கப் பள்ளிக்கூடம் எண்டு."

போட்டேன். அவர் தாளை நான்காக மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு, முட்கம்பி வேலியோரம் பிள்ளைகளைத் தேடி நின்றவர்களின் வரிசைக்குப் போனார்.