உதைத்த வரைக்கும் ஓடிய கார்

எங்கள் பனியன் கம்பெனியில் என் தங்கை கணவரும் ஒரு பார்ட்னர். கம்பெனியின் ஆட்டோமேட்டிக் காரை அவரிடம் விட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கியர் மாறும்போது அந்தக் காரில் முதுகைத் தள்ளுவது போல ஓர் உதை தெரியும். மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார்: "வெடுக்குனு மாறுனா கிளட்ச் பிளேட் வழுக்காதுங்க, சூடாகாது. அந்த உதையில இன்ஜினைத் தாங்குற ரப்பருதான் சீக்கிரம் போகும். அதை மாத்திக்கலாமுங்க."

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஆர்டர் குடுக்க வர்ற வெளிநாட்டு பையர் உக்கார்ற வண்டி மச்சான். இப்படி உதைக்கலாமுங்களா?" என்றார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கியர் விழுவதே தெரியாதபடி மெதுவாக்கி வாங்கி வந்தார். வீட்டு மாப்பிள்ளை என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. சரக்கு வேன் தாமதமான நாளெல்லாம் அதே காரில் பின்சீட்டை மடக்கி, சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல் ஏற்றினார். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் அத்தனை பாரத்தோடு பிளேட்டுகள் வழுக்கி உரசின.

மங்கலம் ரோட்டில், பையர் உட்கார்ந்திருக்கும்போதே கார் நின்றது. இன்ஜின் அலறியது, சக்கரம் அசையவில்லை. தையல் பெண்களை ஏற்றி வந்த வேனில்தான் பையர் கம்பெனிக்கு வந்து இறங்கினார்.

கியர்பாக்ஸைப் பிரித்தபோது பிளேட்டுகள் கருகிக் கிடந்தன. "முன்னாடி உதைச்சுதில்லீங்களா மச்சான், அதுலயே போயிருக்குமுங்க" என்றார் மாப்பிள்ளை.

"உதைச்ச வரைக்கும் ஓடுச்சுங்க மாப்ள" என்றேன். "மெத்துனு வெச்சு நாங்க கெடுத்தது இந்தக் காரை மட்டும் இல்லீங்க."