அம்மா அடித்துத் திருத்திய கட்டம்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவின் பொறுமையைப் பற்றி நிறையச் சொல்வீர்கள். பொறுமை இருந்தது உண்மைதான். ஆனால் பிடிவாதம் அதைவிட ஒரு படி கூடுதல். மகள் என்ற உரிமையில் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அம்மா பிறந்தது நாகர்கோவிலுக்கு அருகே. தமிழ்ப் பள்ளியில் பள்ளியிறுதி வரை படித்தார். திருமணமாகித் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்தார். அப்பா ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதானபோது காய்ச்சலில் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு. அம்மாவின் தம்பியான மாமா பக்கத்துத் தெருவில் இருந்தார். எங்கள் அரிசியில் பாதி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அதை வாங்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

மறு ஆண்டு ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வயது வரம்பைப் பார்த்தால் அம்மாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் மாமா சூரர். ஆரியசாலையில் பாதிப்பேர் அவரிடம்தான் பாரத்தை நீட்டுவார்கள். முதலில் வேறு தாளில் பென்சிலால் எழுதிப் பார்ப்பார், பிறகுதான் மை. கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்தும் தலை நீட்டாது. அடித்தல் திருத்தல் நேர்ந்துவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பாரம் வாங்கி வரச் சொல்வார். அம்மாவின் பாரத்தையும் அவரே நிரப்பினார். அதன் அழகைப் பார்த்துக்கொண்டே அம்மா கீழே கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அட்டை வந்தது. மலையாளத்தில் எழுதச் சொல்லியும் பார்ப்பார்கள் என்று அதில் இருந்தது. அம்மா ஓடிப்போய், மாமா எடுத்து வைத்திருந்த நகலை வாங்கிப் பார்த்தார். தெரிந்த மொழிகள் என்ற கட்டத்தில் மலையாளத்துக்கு நேராகப் பேச, படிக்க, எழுத மூன்றுக்கும் 'ஆம்' என்று ஆங்கிலத்தில் முத்துமுத்தாக எழுதியிருந்தது. அம்மா மலையாளம் பேசினால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தோ, ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் ஊர்த் தமிழர் பலருக்கும் இந்த மயக்கம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசிவிட்டால், பாஷையே கைவசம் என்று நினைத்துக்கொள்வோம்.

"எலே, எழுதத் தெரியும்னு போட்டிருக்கியே. நாளைக்கு ஒரு காயிதத்தை நீட்டினா நீயா வந்து எழுதுவே?"

"தெரியாதுன்னு போட்டிருந்தா இந்தக் கார்டே வந்திருக்காது, அக்கா. எல்லாவனும் இப்படித்தான் எழுதுகான்."

"எல்லாவனும் எழுதட்டும். கீழ கெடக்கது எங் கையெழுத்துல்லா!"

ஐந்து வாரம் இருந்தது. நான் மலையாளப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வாத்தியார் நான்தான். தமிழில் ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு சுகமாக வாழ்ந்தவரை மலையாளத்தின் நான்கு 'க'க்கள் படுத்தி எடுத்தன. தப்பாக எழுதினால் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவேன். பெற்றவளையே அடித்த பாவி என்று உறவுக்காரர்கள் இன்றும் கேலி செய்வது நியாயம்தான். கிழக்கேகோட்டையில் நின்று பஸ் பலகைகளை அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். "போட்டும், அடுத்தது வரும்லா" என்பார்.

தேர்வன்று அவர்கள் சொல்லச் சொல்லப் பத்து வரி எழுத வேண்டியிருந்தது. அம்மா ஏழு வரி எழுதினாராம். பிறகு உள்ளே அழைத்தார்கள். அதிகாரி பாரத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "சாறே, இதில் ஒப்பிடும்போ எனிக்கு எழுதான் அறியில்லாயிருந்நு. இப்போ கொறச்சு அறியாம்." கையெழுத்துப் போட்டபோது எழுதத் தெரியாது, இப்போது கொஞ்சம் தெரியும் என்று. அதிகாரி பாரத்தையும் பேனாவையும் அம்மா பக்கம் தள்ளி, "எங்கில் திருத்திக்கோளூ" என்றாராம், அப்படியானால் திருத்திக்கொள்ளுங்கள் என்று. அம்மா எழுதுவதற்கு நேராக இருந்த 'ஆம்' என்பதை அடித்துவிட்டு, 'கொஞ்சம்' என்று மலையாளத்திலேயே எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

வெளியே வந்து சொன்னதும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "எம் பாரத்துல அடித்தலா?" என்றார். அதை நினைத்து நினைத்து நாங்கள் வெகுகாலம் சிரித்தோம். ஆனால் வேலைக்கு உத்தரவு வந்த பிறகும் மாமா சரியாகப் பேசவில்லை. அந்நியர் முன்னால் அக்கா தன்னைப் பொய்யனாக்கிவிட்டாள் என்ற வருத்தம் அவருக்கு. அதன் பிறகு அவர் யாருக்கும் பாரம் நிரப்பிக் கொடுக்கவில்லை.

அம்மா இருபது ஆண்டுகள் அந்த அலுவலகத்தில் இருந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் பாரத்தோடு ஜன்னலில் நின்றால், ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா காதில் அது விழாது. ஓய்வு பெற்ற மறு ஆண்டே நெஞ்சு நோய் வந்து படுக்க வைத்துவிட்டது.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், ஸ்ரீவராகத்திலிருந்து நாள் தவறாமல் ரசம் சாதம் கொண்டுவந்த அம்மாவின் அலுவலகத் தோழிக்கும், தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மாமாவுக்கு நன்றி சொல்லும் பொறுப்பை அம்மா என்னிடம் தனியாக ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசி வாரம், மாமா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் சொன்னது இது:

"அவன் அன்னைக்கு ஆமான்னு எழுதலேன்னா நமக்குக் கஞ்சி இல்ல, மக்களே. இத்தன வருசமா அவங்கிட்ட இத நான் சொல்லல்ல. சொன்னா, பொய்யெழுதினது செரின்னு ஆயிருமோன்னு பயம். நீ சொல்லீரு."

நேரில் சொல்லிவிட ஓராண்டாகப் பார்க்கிறேன். எதிரே போய் உட்கார்ந்ததும் வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி அச்சில் போட்டுவிட்டேன். மாமா, இது அம்மா உங்களுக்குச் சொன்னது.