ஊசி போடாத கோழி

நான் தீவன லாரி ஓட்டுகிறவன். வாரம் ஒரு முறை ஒரு கறிக்கோழிப் பண்ணையில் மூட்டை இறக்குவேன். சில வாரங்களில் அந்தப் பண்ணைக்காரர் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் நான்தான். அதனால் எவ்வளவு அவசரமானாலும் அவர் போடும் டீயைக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். டீ வாயில் வைக்க விளங்காது, அது வேறு விஷயம்.

மனைவி போன பிறகு மனிதர் தனிக்கட்டை. பண்ணையில் புதுக் குஞ்சு வந்து இறங்கிவிட்டால் நல்லது கெட்டது எதற்கும் அசைய முடியாது. சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். நோய் வருமென்று வெளியாள் யாரையும் ஷெட்டுக்குள் விடமாட்டார். திடீரென்று நுழைந்தால் கோழிகள் மிரளும், அதனால் கதவைத் தட்டிவிட்டுத்தான் அவரே உள்ளே போவார். அந்தப் பழக்கத்தில், ஆளில்லாத தன் வீட்டுக் கதவையும் தட்டுவார். முதலில் கேலி செய்தேன். பிறகு மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரே மகள் நகரத்தில் இருந்தாள். பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்றால் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வந்துவிடுவார்கள் என்று அவள் மாமியார் ஓதி ஓதி, பேத்தியைக் கூட்டிவருவதையே அவள் நிறுத்திவிட்டாள். படித்தவள்தான். படிப்பு என்ன செய்யும், போனில் வீடியோ வருகிறதே. இருக்கிற ஆயிரக்கணக்கான கோழிக்கும் ஒற்றை ஆள் ஊசி குத்தி முடிப்பதற்குள் முதல் கோழி கிழடுதட்டிவிடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

லீவுக்குப் பேத்தி வந்து தங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. சின்னக் கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தார். மகள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் மகள் தனியாக வந்தாள். கோழிகள் விற்கிற எடைக்கு வந்திருந்த நேரம். நான் வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தன் சட்டத்தைத் தானே மீறி, வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொல்லி, அவளை உள்ளே கூட்டிப்போனார். கம்பிவலை வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. குஞ்சிலேயே கண்ணில் சொட்டுவிடும் தடுப்பு மருந்து உண்டு, தண்ணீரில் கலந்து கொடுப்பது உண்டு, மற்றபடி ஊசி எங்கே, தேடிப் பார் என்றார். அவள் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த லீவுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவளே சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். "அப்புறம் எப்படிப்பா ஆறே வாரத்துல இவ்ளோ பெருசாகுது?" என்று கேட்டாள்.

மனிதருக்குக் குஷி தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. வேகமாக வளர்வதை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து உண்டாக்கிய இனம் என்றார். தீவனத்தைப் பற்றிச் சொன்னார். இருட்டினாலும் விளக்கு எரியும், தின்றுகொண்டே இருக்கும் என்றார். அவள் காலடியில் ஒரு கோழி எழுந்து, தள்ளாடி, திரும்ப உட்கார்ந்துவிட்டது. அதற்கு என்ன என்று கேட்டாள்.

"கால் தாங்கலைம்மா. உடம்பு வளர்ற வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்காது. பசி மட்டும் அடங்காது. அதோட பொறப்பே அப்படி."

வெளியே நான் பல்லைக் கடித்தேன். ஒன்றை மறைத்துப் பேச இந்த மனிதருக்கு வராது. மகள் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி போட்டிருந்தாக்கூடத் தேவலையேப்பா" என்றாள்.

சாப்பிடாமலே பஸ் ஏறினாள். பிள்ளையை அனுப்பும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது கோழிகளை ஏற்றிப்போயிருந்தார்கள், ஷெட் காலி. மகள் போன் பண்ணினாளா என்று கேட்டேன். பண்ணினாளாம். அதையெல்லாம் பார்த்தால் பிள்ளை தாங்கமாட்டாள், வேண்டாம்பா என்றாளாம். அவர் நீட்டிய டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

"ஊசிதான்னே ஒத்துக்கிட்டிருக்கலாம் தம்பி" என்றார். "ஊசின்னா நிறுத்திட்டேம்மா, வான்னு கூப்பிட்டிருப்பேன். இதுல நான் எதை நிறுத்துறது?"