காலேஜுக்குத் துணை

எங்கள் தெருவில் காலேஜ் என்ற சொல்லை யாரும் கட்டடத்துக்குச் சொல்லவில்லை. ஓர் ஆளின் நிலைக்குச் சொன்னார்கள். மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன் போனால், "என்னப்பா, காலேஜா?" என்பார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் அது காலேஜ் வாய். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை புதுச்சேரியில் பெரிய பள்ளிக்கூடத்துக்கே கொலேஜ் என்று பேர். அக்கா அதை முடித்தவள். அவர்கள் போன பிறகு வந்த காலேஜ் அதற்கும் மேலான படிப்பு. மில் தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் தெருவிலிருந்து அங்கே போன முதல் ஆள் அக்காதான். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்திச் சொன்னார்கள்.

அவளை அனுப்ப அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை நான். காலையில் அவளைக் காலேஜ் வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் என் பள்ளிக்கூடம் விட்டதும் அதே வாசலில் காத்திருந்து கூட்டி வர வேண்டும். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினேழு. அவளுக்கு நான் காவல் என்பதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

என் கூட்டாளிகள் பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரைக்கு ஓடுவார்கள். புயலில் உடைந்துபோன கப்பல் பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஏறிக் குதிப்பதுதான் அந்த வருஷத்து விளையாட்டு. நானோ காலேஜ் வாசலில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு, கேட்டுக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்பேன். ஈரத் தலையோடு திரும்பி வருகிறவர்கள் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக வருவார்கள்.

"டேய் காலேஜு வாச்சுமேன், உள்ள உடுவியா?"

கடலின் உப்பு அவர்கள் முதுகில் வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் முகத்தைக் கம்பிப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

காலையில் அதே வாசலில் ஒரு கிழவர் நிற்பார். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார். நம்மூர்க்காரர்தான், ஆனால் கோட்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முசே என்று கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா மாதிரி. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, 'போன்ழூர்' சொல்லிக் கை கொடுப்பார். பிரெஞ்சுக்காரர்களோடு பழகியவர்களுக்கு அது கும்பிடு போடுவது மாதிரி. ஒருநாள் என்னிடமும் கையை நீட்டினார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் நீட்டிய கையை எடுக்காமல் காத்திருந்து, என் கையை வாங்கிக் குலுக்கினார். அன்று வகுப்பில் பக்கத்துப் பையனுக்கு நான் கை கொடுக்கப்போய் பிரம்படி வாங்கினேன். ஆனாலும் பெருமையாக இருந்தது. அதன் பிறகு தினமும் எனக்கும் ஒரு கை உண்டு.

ஐப்பசியில் பெரியப்பா கிராமத்திலிருந்து வந்தார். நிலம் நீச்சு உள்ள இடத்தில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். அப்பா மில்லிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, தலையெல்லாம் பஞ்சு.

"பொண்ணு என்னா பண்ணுதுன்னு கேக்குறாங்க. காலேஜுன்னா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க. போதும் தம்பி, நிறுத்து."

"படிப்பு முடியட்டும்ணே. பையன் கூடவேதான் போறான் வரான்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "அப்ப நீ சொல்லுடா. அங்க என்னா நடக்குது?"

எனக்குக் கண்முன் நின்றது கப்பல் பாலம் மட்டும்தான். அக்கா நின்றுவிட்டால் என் சாயங்காலம் எனக்குத் திரும்பிவிடும்.

"ஒரு முசே தெனமும் அக்காவுக்குக் கை குடுப்பாரு" என்றேன்.

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அக்கா சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள்.

"எல்லாருக்கும்தாம்பா குடுப்பாரு. அது அவங்க வழக்கம்."

"அவ சொல்லுவா" என்றார் பெரியப்பா.

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். கோபமாக இல்லை, தோளில் கை வைத்து, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல் கேட்டார். "ஒனக்குக் குடுத்தாராடா?"

"இல்லப்பா."

அக்கா என்னைப் பார்த்தாள். பொய் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள். பெரியப்பா, "போதுமா?" என்றார். அப்பா தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் நானும் பாலத்திலிருந்து குதித்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். காலேஜ் வாசலில் ஒரு கை எனக்காக நீண்டிருக்கும் என்று பயம்.

பிற்பாடு அதே காலேஜில் நான் படித்தேன். படிப்பை வைத்தே பிழைத்தேன். புகுந்த வீட்டில் அக்கா என்னைக் காட்டி, "எந்தம்பி, காலேஜு" என்பாள், குரலைத் தாழ்த்தாமல். அவளிடம் உண்மையைப் பேசிவிட வேண்டும் என்று போனபோதெல்லாம் அவள் இலை போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது அவள் இல்லை.

ஆனால் இந்த வயதில் என்னை ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்வது வேறொரு நாள். தையில் கல்யாணம் என்று முடிவாகி, கூறைப் புடவையும் எடுத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வந்த ஜனவரி முதல் தேதி, அப்பா என்னை மில்லுக்குக் கூட்டிப்போனார். வருஷா வருஷம் அன்று மில் துரை வாசலில் நின்று தொழிலாளிகள் எல்லோருக்கும் கை கொடுப்பார். ஆளுக்கொரு துண்டு கேக்கும் உண்டு. நான் அதுவரை பார்த்ததில்லை. வரிசையில் எங்கள் முறை வந்ததும் அப்பா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். 'போன்ழூர்' என்றார், முசே சொன்னது மாதிரியே. எங்களுக்குப் பின்னால் நின்ற, ஆலையைப் பெருக்கும் பெண்ணுக்கும் துரை கை கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். பிறகு அப்பா என்னை முன்னால் தள்ளினார். துரை எனக்கும் கை கொடுத்தார். இந்த முறை நான் கையை ஒளிக்கவில்லை. தினமும் கை கொடுத்துப் பழகியவன்போல நீட்டிக் குலுக்கினேன்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அவர் இரண்டு முறை நின்று என் கையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மெள்ள நடந்தார். வெகுநேரம் வரிசையில் நின்றதில் கால் வலிக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டு, கேக்கைத் தின்றபடியே அவர் பின்னால் நடந்தேன்.